இரண்டாவது அட்டை

அக்டோபர். ராஃபிள்ஸ் பிளேஸில்
பெய்யலாமா என்று வானம் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.
"முகம் வேண்டும்" என்றார் டெரிக் குவா, தொலைபேசியில்.
"கண்ணீர் கிடைத்தால் முதல் பக்கம்."

பணம் போவதைப் படம் எடுக்க முடியாது.
வெள்ளம் என்றால் தண்ணீர் இருக்கும்,
தீ என்றால் கரி.
இங்கே ஐம்பத்திரண்டு மாடிக் கண்ணாடியும்
காலையில் துடைத்த மாதிரியே பளபளக்கிறது.
குளிர்சாதனம் ஓடுகிறது.
வங்கி வாசல் ஆர்க்கிட் தொட்டிக்கு ஒருவன்
தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கிறான்.

ஆகவே வரிசையை எடுத்தேன்.
ஏழரை மணிக்கே நூற்றுச் சொச்சம் பேர்.
அழவில்லை, கத்தவில்லை.
கழிவறைக்குப் போனவர்கள் தம் இடத்தில்
டிஷ்யூ பொட்டலம் வைத்துவிட்டுப் போனார்கள்,
உணவங்காடியில் மேசை பிடிப்பதுபோல.
தரையில் ஒன்பது பொட்டலங்கள்.
ஒருவரும் அவற்றைத் தாண்டி முன்னே நகரவில்லை.
எடுத்தேன்.
"இதென்ன, விளம்பரமா?" என்றார் குவா.

தூணோரம், ஃபேர்பிரைஸ் பையை மார்போடு அணைத்தபடி
ஒரு பெண். அறுபது இருக்கும்.
பைக்குள் வங்கிக் கடிதங்கள்
வந்த உறையோடு, வந்த வரிசையில்.
மேலே ஓடும் சிவப்பு எண்களை
பேருந்து எண் தெரிகிறதா என்பதுபோல்
கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.
ஒன்று. இரண்டு.
மூன்றாவதில் திரும்பிவிட்டார்.

"தமிழாம்மா நீ?"
ஆமாம் என்றேன்.
"அழிச்சிரு. மகனுக்குத் தெரியாது.
இருபத்திரண்டு வருசம் ஸ்கூல் கேண்டீன்ல
மீ கோரெங் பிரட்டின காசு.
டெபாசிட் மாதிரிதான், வட்டி மட்டும் கொஞ்சம் கூடன்னு
அந்தப் பையன் சொன்னான்.
நல்ல பையன்தான்.
போன தீபாவளிக்கு முறுக்கு டப்பா அனுப்பினான்."

திரையை அவர் பக்கம் திருப்பினேன்.
அவர் பார்க்க, பொத்தானை அமுக்கினேன்
மூன்று முறை.
"போச்சா?"
"போச்சும்மா."
என் முழங்கையைத் தொட்டுவிட்டு
தன் பொட்டலம் இருந்த இடத்துக்குப் போனார்.

என் கேமராவில் இரண்டு அட்டைகள்.
ஒன்று எழுதுவதை மற்றதும் எழுதிக்கொள்ளும்.
ஒன்றில் அழித்தது மற்றதில் அழியாது.
நான் பொய் சொல்லவில்லை;
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.
எல்லாம் கையேட்டில் இருக்கிறது,
நூற்றுப் பதினான்காம் பக்கம், சின்ன எழுத்தில்.

மறுநாள் முதல் பக்கத்தில்
தலையில் கைவைத்த ஒருவர் வந்தார், நான்கு பத்தி அகலத்தில்.
தூறல் விழுந்ததா என்று தடவிப் பார்த்தவர் அவர்.
தலைப்பு வேறு மாதிரி சொன்னது.
யாரும் மறுப்புக் கடிதம் எழுதவில்லை.

இத்தனை வருடம் கழித்து ஒரு கண்காட்சிக்காரர்கள்
"அந்தக் காலைப் படங்கள் உள்ளனவா" என்கிறார்கள்.
வன்தட்டைத் திறந்தேன்.
மூன்றாவது படத்தை அளவுக்கு மீறிப் பெரிதாக்கினேன்.
பையின் விளிம்பில் துருத்திய புகார்ப் படிவத்தில் பெயர் தெரிகிறது:
செங்கமலம்.
தகப்பன் பெயரைக் கட்டைவிரல் மறைத்திருக்கிறது.
நகத்தடியில் மஞ்சள்
இன்னும் போகவில்லை.

நான் எடுத்ததிலேயே நல்ல படம் இதுதான்.
வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து,
அளந்து ஊற்றியதுபோல் விழுந்திருக்கிறது.
கண்ணீர் இல்லை.
திரும்பிய அந்த நொடியில், அப்போதுதான்,
என்னை நம்பலாமா என்று
அவர் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

வெள்ளிக்குள் பதில் வேண்டுமாம்.
மின்னஞ்சலில் ஆறு படங்களை இணைத்தேன்.
ஏழாவதை இழுத்து, விட்டு, மறுபடி இழுத்து...
குப்பைத்தொட்டிப் படத்தின் மேல்
சுட்டி நிற்கிறது.
உறுதியாக அழிக்கவா என்று
கணினி கேட்கிறது, மரியாதையாக.
அன்று நான் கேட்காத கேள்வி.